மாவடுப் பக்கத்தின் மஞ்சள் கறை: கான்ட்ராஸ்டைக் கூட்டினால் தாள் கரும்பலகையாகிவிடுகிறது

கணக்கு டீச்சர் கேட்டது:

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வயது 63. பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. பதில் சொல்பவர்கள் கணக்கைத் தாராளமாக எழுதலாம். கம்ப்யூட்டர் சங்கதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் சமையல் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 96 பக்கம், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, முழுவதும் நீல மைப் பேனாவால் எழுதியது. மை வெளுத்துவிட்டது, தாள் பழுத்துவிட்டது. அடுப்பங்கரையிலேயே வாழ்ந்த நோட்டு ஆகையால் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் இல்லாத பக்கம் இல்லை. எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படமெடுத்துத் தெளிவாக்கி, அக்காவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பிரதி அச்சடித்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட 31ஆம் பக்கம்தான் சண்டைக்காரப் பக்கம். மாவடு. "வடு 4 படி" என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த வரியில் "உப்பு 4" என்பது தெரிகிறது. அதற்கடுத்த சொல்லின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. நடுவில் ஒரு ழகரமும் கடைசியில் "க்கு"வும் மங்கலாகத் தெரிகின்றன. அது ஆழாக்கு என்கிறாள் அக்கா. உழக்கு என்கிறான் தம்பி. படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு. ஆக இருவருக்கும் நடுவே சரியாக இரண்டு மடங்கு உப்பு நிற்கிறது. ஒருத்தர் சொல்படி போட்டால் வடு அழுகும், மற்றவர் சொல்படி போட்டால் வாயில் வைக்க முடியாது என்று இரண்டு வீட்டிலும் மாசி மாதம் வந்தாலே இதே பேச்சு.

இப்போது நான் செய்தது. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகத்தின் மூலம் படத்தைத் திறந்தேன். கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கான்ட்ராஸ்டைக் கூட்ட ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச எண்ணையும் 1.6ஆல் பெருக்கினேன். பிறகு 8 பிட் முழு எண்ணாக மாற்றிச் சேமித்தேன். என் வரி இதுதான், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன்:

புதியது = (பழையது × 1.6) → 8 பிட்

திறந்து பார்த்தால் தாள் கறுப்பு, எழுத்து வெளுப்பு. முப்பத்தைந்து வருடம் என் முதுகுக்குப் பின்னால் நின்ற கரும்பலகை அம்மாவின் நோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருக்கிறது. மஞ்சள் கறை இருந்த இடம் கன்னங்கரேல் என்று ஒரு தீவு.

ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்பதால் நான்கு இடங்களில் எண்ணை அச்சிட்டுப் பார்த்தேன். பெருக்குவதற்கு முன்: கறையில்லாத தாள் 203, வெறும் கறை 167, கறையில்லாத இடத்து மை 143, கறைமேல் மை 116. பெருக்கிய பின்: அதே வரிசையில் 68, 11, 228, 185. இருநூற்று மூன்றை ஒன்றரைக்கு மேலான எண்ணால் பெருக்கினால் 68 வருமா? என் மாணவன் யாராவது இப்படி விடை எழுதியிருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்.


எட்டுபிட் எழுதியது:

வணக்கம் டீச்சர். உங்கள் கம்ப்யூட்டரைப் பெஞ்சின் மேல் ஏற்ற வேண்டாம், அது கடிகாரக் கணக்குப் போட்டிருக்கிறது. 8 பிட் என்றால் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரைக்கும்தான் இடம். 203 × 1.6 = 324.8. தசமத்தை வெட்டினால் 324. அது கொள்ளாததால் 256ஐக் கழித்து மீதியை வைத்துக்கொண்டது: 68. கறைக்கு 267இல் 256 போக 11. மை 143 மட்டும் 228 ஆனது, எல்லைக்குள் நின்றுவிட்டது. வெளிச்சமானதெல்லாம் சுற்றிக்கொண்டு இருட்டில் விழுந்தது, இருட்டானது மேலே ஏறியது. கரும்பலகை வந்த கதை இதுதான்.

இதிலும் ஒரு வில்லங்கம். தசம எண்ணை 8 பிட்டுக்குள் திணிக்கும்போது மட்டு 256, அதாவது 256ஆல் வகுத்த மீதி, வந்தே தீரும் என்று யாரும் உறுதி தரவில்லை. செயலியைப் பொறுத்து வேறு விடையும் வரலாம். உங்கள் கம்ப்யூட்டரில் கரும்பலகை வந்த அதே வரி இன்னொருவர் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தீர்வு: மாற்றுவதற்கு முன் நம்பை என்ற கணக்கு நூலகத்தின் கிளிப் கட்டளையால் 0க்குக் கீழே போனதை 0 ஆகவும் 255க்கு மேலே போனதை 255 ஆகவும் நறுக்குங்கள். வரிசை முக்கியம். முதலில் கிளிப், பிறகுதான் 8 பிட். மாற்றிய பிறகு கிளிப் செய்து, ஏன் சரியாகவில்லை என்று ஒரு ராத்திரி முழுக்க முழித்தவன் நான்.

ஆனால் அதை மட்டும் செய்தால் உங்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தாள் 255, கறை 255, மை 228. எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். பூச்சியத்திலிருந்து பெருக்கினால் கூடுவது முக்கியமாக வெளிச்சம். கான்ட்ராஸ்ட் வேண்டுமென்றால் பெருக்குவதற்கு ஓர் அச்சுப் புள்ளி வேண்டும்:

புதியது = (பழையது − அச்சு) × மடங்கு + அச்சு

அச்சுக்கு மேலே உள்ளவை மேலேறும், கீழே உள்ளவை கீழிறங்கும். பாடங்களில் எல்லோரும் 128ஐ அச்சாக வைப்பார்கள். உங்கள் படத்துக்கு அது ஒத்துவராது. ஏனென்றால் உங்கள் மையே 143. 128க்கு மேலே இருப்பதால் மையும் சேர்ந்து வெளுக்கும்: 15 × 1.6 + 128 = 152. அச்சை மைக்கும் தாளுக்கும் நடுவே, 170 என்று வையுங்கள். தாள் 223, மை 127. பில்லோ நூலகத்தின் கான்ட்ராஸ்ட் கருவி படத்தின் சராசரியையே அச்சாக எடுத்துக்கொள்ளும். நோட்டுப் பக்கத்தில் பெரும்பகுதி வெற்றுத்தாள் என்பதால் அந்தச் சராசரி தாளின் பக்கம் சாய்ந்திருக்கும், மை தப்பாமல் கீழே போகும். ஆனால் கறை அதிகமான பக்கத்துக்கு ஒரு சராசரி, குறைவான பக்கத்துக்கு ஒரு சராசரி. 96 பக்கமும் ஒரே சாயலில் இருக்காது.

கடைசியாக ஒன்று. இணையத்தில் தேடினால் ஓப்பன்சிவியின் கன்வர்ட்ஸ்கேல்ஆப்ஸ் என்ற கட்டளையைக் கைகாட்டுவார்கள். பெருக்கிக் கூட்டி நறுக்கி எல்லாம் ஒரே வரியில் செய்யும். அதன் வாலில் தொங்கும் "ஆப்ஸ்" தனிமதிப்பு. 2.5ஆல் பெருக்கி 250ஐக் கழித்தால் மை 143க்கு 107 அல்லது 108 வரும், நல்லது. ஆனால் நோட்டு மடிப்பில் விழுந்த நிழல் 40 என்று இருந்தால் 100 − 250 = −150. அது 0 ஆகாமல் 150 ஆகிவிடும். இருட்டான நிழல் சாம்பல் கோடாகத் திரும்பி வரும்.


கணக்கு டீச்சர் எழுதியது:

மட்டு 256! பெருக்கல் தப்பு என்று நினைத்துக் காரணமில்லாமல் மூன்று நாள் திட்டியிருக்கிறேன்.

அச்சு வைத்த சூத்திரம் வேலை செய்கிறது. மற்ற பக்கங்கள் நன்றாகவே தெரிகின்றன, வத்தக்குழம்புப் பொடியின் அளவெல்லாம் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. 31ஆம் பக்கத்தில் மட்டும் கறை அப்படியே கனத்துவிட்டது. மடங்கைக் கூட்டக் கூட்டக் கறையும் கூடவே கறுக்கிறது. கறையை வெளுக்க வைக்கலாம் என்று 110ஐ 0 ஆகவும் 160ஐ 255 ஆகவும் இழுத்துப் பார்த்தேன். கறை போய்விட்டது. ஆனால் கறையில்லாத இடத்து மை 168க்கு ஏறி ஆவிபோல நிற்கிறது. பக்கத்தின் மறுபாதியை எழுத்தில்லாமல் செய்துவிட்டு இந்தப் பாதியைப் படிப்பதில் என்ன லாபம்?


அவசரக்காரன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? போனில் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு தட்டு தட்டினால் வெள்ளை வெளேர்.


கணக்கு டீச்சர் எழுதியது:

தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். வெள்ளை வெளேர் என்பது உண்மை. கறையோடு சேர்த்து அந்தச் சொல்லையும் வெளுத்துவிட்டது. எந்த எண்ணை எங்கே நறுக்கியது என்று கேட்டால் அது பதில் சொல்லாது. வழிமுறை காட்டாத விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.


இருட்டறை எழுதியது:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். நான் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன், இருட்டறை வேலை என் கையோடு வந்தது. அதனால் ஒன்று சொல்லலாமா என்று பார்க்கிறேன்.

வெளுத்த நெகட்டிவ் வந்தால் ஹார்டு பேப்பரில் பிரிண்ட் போடுவோம். பெட்டியின் மேல் கிரேடு எண் இருக்கும். 2 என்றால் நார்மல், 4 என்றால் நல்ல ஹார்டு. நீங்கள் மடங்கு என்று சொல்வதும் அந்தக் கிரேடும் ஏறக்குறைய ஒரே சமாசாரம் என்று பேரன் விளக்கினான். ஆனால் கறை பிடித்த பழைய போட்டோவைக் காப்பி எடுக்கச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் நாங்கள் கிரேடைத் தொடவே மாட்டோம். லென்சின் முன்னால் கலர் கண்ணாடி போடுவோம். என் குரு சொல்லிக்கொடுத்தது இதுதான்: கறை எந்த நிறமோ கண்ணாடியும் அந்த நிறம். மஞ்சள் கறைக்கு மஞ்சள் கண்ணாடி, அது போதாவிட்டால் ஆரஞ்சு, அதற்கும் மேலே சிவப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிலிமுக்குக் கறையும் தாளும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். நீல மையோ சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் கறுப்பாக நிற்கும். உங்கள் பக்கத்தில் மஞ்சள் கறையும் நீல மையும் இருக்கின்றன. இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

நீங்கள் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு அதன்பிறகு மல்லுக்கட்டுகிறீர்கள். மாற்றும்போதே பாதி வித்தியாசம் போய்விட்டதே அம்மா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கண்ணாடி போட்டால் சிவப்பு மையில் எழுதியதும் கறையோடு போய்விடும். நோட்டில் சிவப்பில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாண ஆல்பத்தில் பின்பக்கம் போட்ட தேதியை அப்படித் தொலைத்துவிட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.


எட்டுபிட் எழுதியது:

ஐயா, இத்தனை பத்தி எழுதியும் நான் தொடாத இடத்தை நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

டீச்சர், ஐயா சொல்லும் கண்ணாடி உங்கள் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றும் கட்டளை அவற்றை 0.299, 0.587, 0.114 என்ற எடைகளில் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. அந்த எடைகள் மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி வைத்தவை, மஞ்சள் கறைக்காக வைத்தவை அல்ல. மாற்றாமல் சிவப்புச் சேனலை, அதாவது சிவப்பு எண்களை மட்டும் தனியாக எடுங்கள். அதே நான்கு இடங்களின் மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.


கணக்கு டீச்சர் எழுதியது:

ஐயா, நன்றி. அம்மா நீல மையைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஒரே ஒரு பேனா, ஒரே ஒரு மைப்புட்டி. அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் எட்டுபிட் தம்பி, நீங்கள் சொன்னபடி முதல் சேனலை எடுத்தேன். கறை முன்னிருந்ததைவிட மோசமாகி மைப்புட்டி கவிழ்ந்ததுபோல ஆகிவிட்டது. அதற்குள் ஒரு எழுத்தும் இல்லை, ழகரம்கூடப் போய்விட்டது. இதோ மூன்று எண்களும், கம்ப்யூட்டர் அச்சிட்ட வரிசையிலேயே:

தாள்: 176, 203, 214
வெறும் கறை: 62, 168, 206
கறையில்லாத இடத்து மை: 171, 143, 132
கறைமேல் மை: 63, 122, 126


எட்டுபிட் எழுதியது:

தப்பு என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும். ஓப்பன்சிவி எண்களை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ் வரிசையில் வைத்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த முதல் சேனல் நீலம். மஞ்சள் நீல வெளிச்சத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் கறை 62. அதன்மேல் மை 63. அறுபத்திரண்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவே இருப்பதை எந்தச் சூத்திரத்தாலும் எழுத்தாக்க முடியாது.

இப்போது மூன்றாவது எண்களை மட்டும் பாருங்கள். தாள் 214, கறை 206. எட்டுத்தான் வித்தியாசம், கறை ஏறக்குறைய இல்லவே இல்லை. மை 132, கறைமேல் மை 126. தாளுக்கும் மைக்கும் நடுவே 80க்குக் குறையாத பள்ளம். இந்தப் பள்ளத்தை இழுத்து அகலமாக்குங்கள்:

புதியது = (சிவப்பு − 110) × 255 ÷ (205 − 110)

நறுக்கிய பிறகு தாள் 255, கறை 255, மை 59, கறைமேல் மை 43. கறை இருந்த தடமே இருக்காது.

110, 205 என்பவை இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் எண்கள். 96 பக்கத்துக்கும் கையால் தேடாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்திலும் எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நூற்றுக்கு எத்தனையாவது இடத்தில் எது நிற்கிறது என்று நம்பையின் பெர்சன்டைல் சொல்லும். மை பக்கத்தில் கொஞ்சம்தான் இருக்கும். அதனால் அடியில் நூற்றுக்கு 1, மேலே நூற்றுக்கு 50 என்று தொடங்கிப் பாருங்கள். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் வேண்டாம். எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு பிக்சல் 0 ஆகவும் இன்னொன்று 255 ஆகவும் இருந்தால் இழுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் போன் படம் 4000க்கு 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சூத்திரம் போட வேண்டியதில்லை. வரக்கூடிய எண்களே 256தான். 256 விடைகளையும் வாய்ப்பாடாக ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, ஓப்பன்சிவியின் லட் கட்டளையிடம் கொடுத்தால் வாய்ப்பாட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பிவிடும்.


நிழல்வரி எழுதியது:

இடையில் புகுகிறேன். நான் பழைய பத்திரங்களைப் படமெடுக்கும் வேலையில் இருப்பவன். படமெடுக்கும்போதே பார்க்க வேண்டியவை இரண்டு. எண்ணெய் பட்ட தாள் ஒளி ஊடுருவும், மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகிவிட்டுப் படமெடுங்கள், மறுபக்கம் அடங்கிவிடும். சேமிக்கும்போது ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் பிஎன்ஜியாக வையுங்கள்.

ஜன்னல் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று இருந்தால் ஒரே அச்சு இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராது. அதற்குக் கழித்தலைவிட வகுத்தல் நல்லது. மீடியன்பிளர் என்ற கட்டளையை 51 என்ற பெரிய ஒற்றைப்படை அளவில் ஓட்டினால் மெல்லிய எழுத்தெல்லாம் கரைந்து வெறும் தாளின் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அசல் படத்தை அதனால் வகுத்து 255ஆல் பெருக்குங்கள். தாள் எங்கே எவ்வளவு இருட்டாக இருந்தாலும் 255க்குப் பக்கத்தில் வந்துவிடும். எழுத்தின் தடிமனைவிட அந்த அளவு நன்றாகப் பெரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தும் தாளோடு சேர்ந்து கரையும்.

கிளாஹே என்று ஒன்றை யாராவது சிபாரிசு செய்வார்கள். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்குக் கட்டம் கான்ட்ராஸ்டைக் கூட்டும். எக்ஸ்ரே படத்துக்கு அருமையானது. வெற்றுத்தாள் அதிகமான பக்கத்தில் அதற்கு வேலை இல்லாததால் தாளின் நாரையும் கேமராவின் இரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும். ஓப்பன்சிவியில் அதன் வரம்பு எண் சொல்லாமல் விட்டால் 40. பலரும் 2 வைத்துத்தான் தொடங்குவார்கள்.


கணக்கு டீச்சர் எழுதியது:

கிளாஹேயை 40லேயே ஓட்டிவிட்டேன், நீங்கள் சொல்வதற்கு முந்தின இரவு. அம்மாவின் தாள் காவிரி மணல்போல ஆகிவிட்டது. அழித்துவிட்டேன்.

சிவப்புச் சேனல், 110, 205. நேற்று மாலை ஓட்டினேன். படம் திரையில் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கறை இல்லை. இருந்த சுவடே இல்லை. "உப்பு 4 உழக்கு." உகரத்தின் சுழி, ழகரத்தின் வால், எல்லாம் அம்மாவின் கை. உடனே இருவருக்கும் அனுப்பிவிட்டேன். தம்பி வெற்றிச் சிரிப்போடு போன் செய்தான். எட்டுபிட் தம்பிக்கும் இருட்டறை ஐயாவுக்கும் இந்த மாசியில் ஒரு பாட்டில் மாவடு உறுதி. எங்கள் ஊருக்கு வந்தால்.


எட்டுபிட் எழுதியது:

மகிழ்ச்சி டீச்சர். வடு 4 படிக்கு உப்பு 1 படியா? எங்கள் வீட்டில் இவ்வளவு போட்டதாக நினைவில்லை. அது உங்கள் வீட்டுப் பாடு.


கணக்கு டீச்சர் எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மேலே இருக்கும் என் வெற்றி அறிவிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போடவும் இல்லை, அதுதான் உறுத்தியது. "உழக்கு என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும். அந்த வருஷம் கரித்துக்கொட்டிற்று என்று அப்பா சத்தம் போட்டார். அம்மா நோட்டை எடுத்து அடித்துத் திருத்தினாள், நான் பக்கத்தில் கடுகு அரைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். என் படத்தில் அடித்தல் ஏதும் இல்லையே என்றேன். "உன் படத்தில் கறையும்தானே இல்லை" என்றாள் அக்கா. எட்டாம் வகுப்போடு நின்றவள்.

போனை வைத்த பிறகுதான் இருட்டறை ஐயாவின் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. பச்சைச் சேனலை எடுத்தேன். நிழல்வரி சொன்னபடி மங்கலான பின்னணியால் வகுத்தேன், கறை தட்டையானது. மிச்சத்தை 150இலிருந்து 240 வரை இழுத்தேன். சிவப்பில் வந்த அளவு பளிச்சென்று இல்லை. கறையின் ஓரம் ஒரு வளையமாகத் தெரிகிறது. ஆனால் உழக்கின் மேல் ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே, இரண்டு வரிகளுக்கு நடுவில் நெருக்கி, "ஆழாக்கு".

அந்தக் கோட்டின் மேல் எண்களை அச்சிட்டேன். சிவப்பு 201, பச்சை 139, நீலம் 60. பக்கத்தில் வெறும் கறை 206, 168, 62. சிவப்பில் ஐந்து, நீலத்தில் இரண்டு, பச்சையில் இருபத்தொன்பது. என் சூத்திரம் அந்த 201ஐ 244 ஆக்கி வெள்ளையோடு கலந்துவிட்டது. சூத்திரத்தின் மேல் குற்றம் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தது.

சிவப்புப் பால்பாயின்ட் பேனா. வெளுத்து மஞ்சளோடு மஞ்சளாகக் கிடந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் அப்படி ஒரு பேனா கிடையாது என்று இங்கேயே சாதித்தேன். அது என்னுடையது. விடைத்தாள் திருத்துவதற்காக மேஜை மேல் வைத்திருப்பேன், அவ்வப்போது காணாமல் போகும், தம்பியைத்தான் திட்டுவேன்.

96 பக்கத்தையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை மூன்று சேனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. 12ஆம் பக்கத்தில் புளிக்காய்ச்சலுக்கு வெந்தயத்தைப் பாதியாக்கியிருக்கிறாள். 58இல் "இது சரிவராது" என்று ஒரு முழு பலகாரத்துக்கே சிவப்பில் குறுக்குக் கோடு. ஒரு சந்தேகம்: சிவப்பு மையையும் நீல மையையும் ஒரே படத்தில் கறுப்பாக்கி, மஞ்சளை மட்டும் போக்க வேண்டுமென்றால், பிக்சலுக்குப் பிக்சல் வகுத்த சிவப்பிலும் வகுத்த பச்சையிலும் எது சிறியதோ அதை எடுத்துக்கொண்டால் போதுமா?


எட்டுபிட் எழுதியது:

போதும் டீச்சர். நம்பையில் அதற்கு மினிமம் என்று கட்டளையே இருக்கிறது. வகுத்த பிறகு எடுங்கள், முன்னால் எடுத்தால் கறையும் திரும்பி வந்துவிடும்.